மணலுக்கு யார் விலை வைத்தார்கள்?

நிலம் விற்பவர்களிடம் துபாய் பற்றி ஒரு கதை எப்போதும் கைவசம் இருக்கிறது. "அம்பது வருசத்துக்கு முன்னாடி அங்க என்ன சார் இருந்துச்சு? வெறும் மணல். இன்னிக்கு அங்க ஒரு சதுர அடி என்ன விலை? நம்ம தர்மபுரியும் அப்படித்தான். இன்னிக்கு மானாவாரிக் கொல்லை, நாளைக்குத் தங்கம்." தேசிய நெடுஞ்சாலை 44 ஓரமாகக் கல் நட்டு, கொடி கட்டி, மனை பிரித்து விற்கும் இடங்களில் இந்தக் கதையை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்கலாம். நல்லம்பள்ளி வட்டத்தில் சிப்காட் தொழிற்பூங்கா, மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதை, பக்கத்திலேயே ஓசூர், அதைத் தாண்டினால் பெங்களூர் என்று கதைக்குத் துணைக்கதைகளும் உண்டு.

சாதி ஒழிப்பைப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை விற்பனைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். நமக்கு வன்கொடுமை, இட ஒதுக்கீடு, தேர்தல், ஆணவக் கொலை என்று பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் யார் யாருக்கு வாடகை கொடுக்கப்போகிறார்கள் என்பது இந்தக் கதைக்குள்தான் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. எனவே அதை நம்பி, துபாய்க்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மணல் எப்படித் தங்கமானது? யாருக்குத் தங்கமானது?

கோடு போட்டவர் கையில் விலை

துபாயின் பழைய பொருளாதாரம் முத்துக்குளிப்பு. 1930களில் உலகப் பொருளாதார நெருக்கடியும் ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் சேர்ந்து அதை அழித்தன. 1950களின் இறுதியில் ஆட்சியாளர் குவைத்திடம் கடன் வாங்கி, ஊருக்குள் வரும் கழிமுகத்தைத் தூர்வாரினார். பெரிய படகுகள் வந்தன, வணிகம் வந்தது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1966இல். பக்கத்து அபுதாபியோடு ஒப்பிட்டால் துபாயின் எண்ணெய் மிகக் குறைவு. எனவே அந்தப் பணத்தை ஆட்சியாளர்கள் துறைமுகத்திலும் சாலையிலும் போட்டார்கள். 1972இல் ரஷீத் துறைமுகம், 1979இல் ஜெபல் அலி துறைமுகம், 1985இல் அதையொட்டி ஒரு தடையற்ற வணிக மண்டலம். அந்த மண்டலத்துக்குள் வெளிநாட்டு முதலாளி உள்ளூர்ப் பங்காளி இல்லாமலே நிறுவனத்தை முழுமையாக வைத்துக்கொள்ளலாம். இன்று துபாயின் மொத்த உற்பத்தியில் எண்ணெயின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வணிகம், விமானப் போக்குவரத்து, சுற்றுலா, நிதி, ரியல் எஸ்டேட் ஆகியவைதான் அந்த ஊரை நடத்துகின்றன.

ரியல் எஸ்டேட் எப்போது தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். 2002 வரை வெளிநாட்டினர் அங்கே நிலமோ கட்டடமோ சொந்தமாக வாங்க வழியில்லை. அந்த ஆண்டு ஆட்சியாளரின் ஆணை வந்தது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம் அதை முறைப்படுத்தியது. குடிமக்களும் வளைகுடாக் கூட்டமைப்பு நாட்டினரும் எங்கும் சொத்து வாங்கலாம். மற்றவர்கள், ஆட்சியாளர் குறித்துக் கொடுக்கும் பகுதிகளில் மட்டும் முழு உரிமையாகவோ 99 ஆண்டுக் குத்தகையாகவோ வாங்கலாம். இவ்வளவுதான் மந்திரம். மண் மாறவில்லை, மழை பெய்யவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு போடப்பட்டது. கோட்டுக்கு உள்ளே இருந்த மணல் விலையேறியது.

கோடு போட்டவருக்கும் நிலம் பெற்றவருக்கும் தூரம் அதிகமில்லை. எமார், நகீல் போன்ற பெரிய கட்டுமான நிறுவனங்கள் அரசின் பங்கோடோ அரசின் கைக்குள்ளோ வளர்ந்தவை. கையில் நிலம், கட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் காட்டி விற்கும் உரிமை, வாங்குகிறவருக்குக் கடன் தர வங்கிகள். கடலுக்குள் மணலைக் கொட்டி ஈச்சமர வடிவில் தீவு செய்து அதையும் விற்றார்கள்.

வணிகக் கட்டடங்களின் கதை இதைவிட நுட்பமானது. துபாயில் நிறுவனம் தொடங்க உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பதிவுசெய்த அலுவலக முகவரி வேண்டும். எத்தனை பணியாளர்களுக்கு விசா கிடைக்கும் என்பது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த அலுவலகத்தின் பரப்பளவைப் பொறுத்தது. அதாவது அலுவலக இடத்துக்கான தேவையைச் சந்தையோடு சேர்ந்து சட்டமும் உண்டாக்குகிறது. 2004இல் தொடங்கிய சர்வதேச நிதி மையத்துக்குத் தனி வணிகச் சட்டம், ஆங்கிலத்தில் நடக்கும் தனி நீதிமன்றம் எல்லாம் கொடுக்கப்பட்டன. ஒரே நகரத்துக்குள் ஒரு தெருவைத் தாண்டினால் வேறு சட்டம். வேறு சட்டம் என்பதால் வேறு வாடகை.

இந்த மாளிகை ஒருமுறை ஆட்டம் கண்டது. 2008இன் உலக நிதி நெருக்கடியில் துபாயின் சொத்து விலைகள் பாதியளவுக்குச் சரிந்தன. 2009 நவம்பர் 25 அன்று அரசு நிறுவனமான துபாய் வேர்ல்ட், கடன்காரர்களிடம் தவணை கேட்டு நின்றது. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியது. 2010 ஜனவரி 4 அன்று உலகின் மிக உயரமான கட்டடம் திறக்கப்பட்டபோது, அதுவரை 'புர்ஜ் துபாய்' என்றிருந்த அதன் பெயர் அபுதாபி ஆட்சியாளரின் பெயரால் 'புர்ஜ் கலீஃபா' ஆனது. 828 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியில் கடன் கொடுத்தவர் பெயர் எழுதப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் அலுவலகப் பரப்பின் கணிசமான பகுதி ஆளில்லாமல் கிடந்தது. 2021க்குப் பின் வாடகையும் விலையும் மறுபடி ஏறின. இப்போது நம்மூர்ப் புரோக்கர் காட்டுவது இந்த ஏறுமுகத்தின் படத்தை மட்டும்தான்.

சோனாப்பூர்

துபாயில் வசிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர். அவர்களில் மிகப்பெரிய கூட்டம் இந்தியர்கள். ஆனால் 'இந்தியர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன.

ஒன்று, வாங்குகிற கூட்டம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வாங்கினால் 10 ஆண்டு 'கோல்டன் விசா' பெறலாம். 2024 மே மாதம் கசிந்த சொத்துப் பதிவுகளைப் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் ஆராய்ந்தபோது, துபாயில் சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டினரில் இந்தியர்களே முதலிடம் என்று தெரிந்தது.

இன்னொன்று, கட்டுகிற கூட்டம். நகரின் ஓரத்தில் தொழிலாளர் முகாம்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதியைத் தொழிலாளர்கள் சோனாப்பூர் என்கிறார்கள். தங்க ஊர். அதிகாரப்பூர்வப் பெயர் வேறு. இது அங்கே இருப்பவர்கள் வைத்த பெயர், கிண்டலாகவும் இருக்கலாம், ஏக்கமாகவும் இருக்கலாம். விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. சங்கம் கிடையாது, வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 2006 மார்ச்சில், அந்த உயரமான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்திலேயே சுமார் 2,500 தொழிலாளர்கள் வெடித்தெழுந்தார்கள். திறன்பெற்ற தச்சருக்கு அன்று ஒரு நாள் கூலி 8 டாலருக்கும் குறைவு என்று செய்திகள் வந்தன. கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இன்று இருக்கிறது. மனித உடம்பு உருகும் என்பதை ஒப்புக்கொள்ளவே ஒரு விதி தேவைப்பட்டது.

இருபது ஆண்டு சாரம் ஏறியவருக்கு அந்த நகரத்தில் ஒரு சதுர அடி கிடையாது. விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். ஒருமுறை பணம் அனுப்பி வீடு வாங்கியவருக்குப் பத்து ஆண்டு அங்கே வாழும் உரிமை. இரண்டு பேரிடமும் ஒரே கடவுச்சீட்டு. இந்தியாவில் எந்தக் குடும்பங்களிடம் 20 லட்சம் திர்ஹாம் சேர்ந்திருக்கிறது, எந்தக் குடும்பங்கள் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி மகனை அனுப்புகின்றன என்று கேட்டால், பதில் சாதிக்கு வெளியே கிடைக்காது. நிலம் வைத்திருந்த சாதிக்கு நிலம் பணமானது, பணம் மறுபடி வெளிநாட்டில் சொத்தானது. நிலம் இல்லாதவருக்கு உடம்பு கூலியானது. கூலியை நிலமாக மாற்றுவதில்தான் எல்லா இடத்திலும் முட்டுக்கட்டை.

நம்முடைய கோடுகள்

தர்மபுரியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் உண்டு; ஆனால் கடலோர, டெல்டா மாவட்டங்களைப் போல அது இங்கே பெரிய வழக்கமல்ல. தர்மபுரிச் சேரிகளுக்குத் துபாய் என்பது பெங்களூர்தான். சுமார் 130 கிலோமீட்டர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் சென்ட்ரிங் அடிக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், சித்தாள் வேலை செய்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் கண்ணாடி மாளிகைகளாக நிற்கும் அலுவலகங்களில் இந்த மாவட்டத்து வியர்வை கலந்திருக்கிறது. அந்த மாளிகைகள் இன்று மாத வாடகையாகக் கோடிகளை ஈட்டுகின்றன. கட்டியவர்கள் வேலை முடிந்ததும் அடுத்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள்.

துபாய் சட்டம் குடியுரிமையை வைத்துக் கோடு போட்டது என்றால், நம்மூர்ப் பழைய வருவாய்ப் பதிவேடுகள் சாதியை வைத்தே கோடு போட்டன. குடியிருக்கும் நிலத்துக்கு 'நத்தம்' என்று பெயர். ஊருக்குக் கிராம நத்தம், சேரிக்குச் சேரி நத்தம். ஒரே நாட்டின் பதிவேட்டில் இரண்டு வகை மண். ஊர் நத்தம் சாலையோரமாகவும் கோயிலையும் சந்தையையும் ஒட்டியும் இருக்கும். சேரி நத்தம் பள்ளத்திலோ ஏரிக்கரைக்குக் கீழேயோ, ஊர்க் காற்று படாத திசையிலோ இருக்கும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சாலை அகலமாகி, பேருந்து நின்று, கடை வந்தபோது யாருடைய மண் 'கமர்ஷியல்' ஆனது என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. சாலையோரம் இருந்தவருக்கு வாடகை வந்தது. உள்ளே இருந்தவருக்கு, சாலைக்கு வரும் வழியே பிரச்சினையானது.

பஞ்சமி நிலம் இந்தக் கோட்டை மாற்ற ஒருமுறை எடுக்கப்பட்ட முயற்சி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. சட்டப்படி கைமாற முடியாத அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை மீட்கக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி: 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். துபாயில் ஆட்சியாளர் போட்ட கோட்டை யாரும் தாண்டுவதில்லை. இங்கே தலித்துகளுக்குச் சாதகமாகப் போடப்பட்ட கோட்டை மட்டும் எல்லோரும் தாண்டலாம்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கு. வேளாண் கணக்கெடுப்புகளின்படி விளைநிலத்தில் அவர்களிடம் இருப்பது அந்தப் பங்கில் பாதிகூட இல்லை. இந்த நிலையில்தான் 'நிலம் தங்கமாகும்' என்ற செய்தி நம்மிடம் வருகிறது.

கூலி வீடானபோது

'சந்தைக்குச் சாதி தெரியாது, சம்பாதித்து வாங்கிவிட்டால் எவனும் கேட்க முடியாது' என்று வாதிடும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மையும் இருக்கிறது. பெங்களூர்க் கூலி தர்மபுரிச் சேரிகளில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர் கொல்லையில் அவர் சொன்ன கூலிக்கு வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். குடிசை ஓட்டு வீடானது, ஓட்டு வீடு மாடி வீடானது. இதைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த மாடி வீட்டுக்கு என்ன ஆனது என்பதும் இதே மாவட்டத்தின் வரலாறு. 2012 நவம்பர் 7 மாலை நத்தம், கொண்டாம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று குடியிருப்புகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகுந்தார்கள். இளவரசன்–திவ்யா காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பீரோ உடைக்கப்பட்டு நகையும் பணமும் எடுக்கப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டி, இருசக்கர வாகனம், சான்றிதழ்கள் எரிந்தன. அந்தக் குடியிருப்புகளின் ஆண்கள் பலர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்து சேர்த்தவை அவை. உண்மை அறியப் போன குழுக்கள் பலவும் ஒன்றைக் குறித்தன: கும்பலின் குறி உயிரைவிட உடைமை மேல் இருந்தது. இருபது ஆண்டு உழைப்பைச் சில மணி நேரத்தில் பூஜ்யமாக்குவது நோக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார்.

துபாயில் ஒரு வீடு வாங்கியவருக்கு அரசு தரும் முதல் பொருள் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைத்தான் அங்கே விலையாகக் கணக்கிடுகிறார்கள். நத்தம் காலனியில் கட்டிய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இல்லாத சொத்துக்குச் சந்தையில் விலையும் இல்லை. சேரியில் இருக்கும் மாடி வீட்டை அடமானம் வைக்க வங்கிக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே செங்கல், ஒரே சிமெண்ட், ஒரே கம்பி. கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் மதிப்பு.

கடன் இருக்கிறது, கடை இல்லை

வீட்டைவிடக் கடை கடினம். ஆய்வுக்காகப் பேசியவர்களில் ஒருவர், அரூர்ப் பக்கத்துக் காலனிக்காரர், பதினைந்து ஆண்டுகள் பெங்களூரில் பிளம்பிங் வேலை செய்தவர். சொந்த ஊர்ப் பக்கமே சானிட்டரி கடை வைக்கலாம் என்று பிரதான சாலையில் இடம் தேடினார். "வாடகை பேசி முடிச்சாச்சுங்க. அட்வான்ஸ் எடுத்துட்டுப் போன அன்னிக்கு, 'தம்பி எந்தூரு?'ன்னாரு. சொன்னேன். 'ஊருங்களா, காலனிங்களா?'ன்னாரு. அதையும் சொன்னேன். 'மச்சான் ஒருத்தரு கேட்டிருக்காரு, கேட்டுட்டு சொல்றேன் தம்பி'ன்னாரு. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரிடம் பணம் இருந்தது, தொழில் தெரிந்திருந்தது. கிடைக்காதது பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி இடம்.

1917இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா அரசின் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவரிடமும் வாடகை கொடுக்கப் பணம் இருந்தது. சாதிச் சமூகத்தில் வாடகை வெறும் பணப் பரிமாற்றமாக இருந்ததில்லை என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் அவர். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் விளைநிலத்தை அரசுடைமையாக்க வேண்டும் என்று அவர் எழுதியதை இந்த அனுபவத்திலிருந்து பிரித்துப் படிக்க முடியாது.

இன்றைய அரசுத் திட்டங்கள் எங்கே நின்றுவிடுகின்றன என்பதும் இங்கே தெரிகிறது. தாட்கோ 1974 முதல் இருக்கிறது. 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் தொழில் தொடங்கும் பட்டியல் சாதி, பழங்குடி முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. நல்ல திட்டம், வாய்ப்புள்ளவர்கள் பயன்படுத்த வேண்டும். ஆனால் இது பணத்துக்கு வழி சொல்கிறது, இடத்துக்குச் சொல்லவில்லை. மானியத்தில் வாங்கிய இயந்திரத்தைக் காலனிக்குள் வைத்தால் வாடிக்கையாளர் வரமாட்டார். சாலைக்குக் கொண்டுபோனால் கட்டட உரிமையாளர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இப்போது போடப்படும் கோடு

தர்மபுரி சிப்காட்டுக்காக நல்லம்பள்ளி வட்டத்தில் 1,700 ஏக்கருக்கு மேல் திட்டமிடப்பட்டிருக்கிறது. தொழில் வரட்டும், பெங்களூருக்குப் போகும் பேருந்தில் கூட்டம் குறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றது. நிலத்தின் சொந்தக்காரரோடு, அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாவது பிழைத்த கூலித் தொழிலாளரையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுத்தது. நிலமற்ற தலித் குடும்பம் அரசின் கண்ணுக்குத் தெரியும் இடம் அந்த மதிப்பீடுதான். தமிழ்நாடு அரசோ தனது 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு புதிய சட்டம் கொண்டுவந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டு விகிதம் மத்தியச் சட்டத்தின்படி உண்டு. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. மாநிலத்தில் ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை.

எடுத்த நிலத்தை சிப்காட் நிறுவனங்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடும். துபாயின் அதே 99. தொழிற்பூங்கா வந்தால் அதன் வாசலில் உணவகம், மருந்துக்கடை, விடுதி, வங்கிக் கிளை, பெட்ரோல் பங்க், அலுவலகக் கட்டடம் எல்லாம் வரும். தொழிற்சாலைக்குள் நம் பிள்ளைகளுக்கு ஒப்பந்தக் கூலி வேலை கிடைக்கலாம். வாசலில் இருக்கும் கட்டடங்களின் வாடகை யாருக்குப் போகும்? அந்தப் பதிலை இன்று சாலையோர நிலத்தை வாங்கிக் குவிப்பவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நம் கோரிக்கைகள் கூலியோடும் வேலையோடும் நிற்கக் கூடாது. நான்கைச் சொல்கிறேன். ஒன்று, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தர்மபுரி சிப்காட்டுக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தி, நிலமற்ற கூலிக் குடும்பங்களின் பட்டியலை வெளியிட வேண்டும். இரண்டு, தொழிற்பூங்காவை ஒட்டி அரசு கட்டும் வணிக வளாகங்களில் அந்தக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், மாற்ற முடியாத நீண்டகாலக் குத்தகையில் கடைகள் வேண்டும். நிறுவனத்துக்கு 99 ஆண்டு கொடுக்க முடிந்த அரசுக்கு ஒரு குடும்பத்துக்கும் கொடுக்க முடியும். மூன்று, மாவட்டத்தின் பேருந்து நிலையங்கள், வாரச்சந்தைகள், நகராட்சி, பேரூராட்சி வளாகங்கள் ஆகியவற்றில் உள்ள கடைகள் யார் பெயரில், எவ்வளவு வாடகைக்கு, எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றன, பட்டியல் சாதி, பழங்குடி மக்களிடம் எத்தனை, அவற்றில் எத்தனை பினாமி என்ற விவரம் வெளியாக வேண்டும். நான்கு, மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன் அந்த நிலம் பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

மூன்றாவது வேலையை அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்தே தொடங்குங்கள். கிடைக்கும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக நடந்து பாருங்கள். பட்டியலில் இருக்கும் பெயரும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆளும் ஒன்றா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து நான் எழுதும் எந்த ஆய்வேட்டையும்விட அந்தப் பட்டியல் பயனுள்ளதாக இருக்கும்.

தீண்டாமையை எதிர்த்து டீக்கடையில் ஒரே குவளையைக் கேட்டுப் போராடினோம். அந்தப் போராட்டம் முடியவில்லை, பல ஊர்களில் இன்னும் தேவை. ஆனால் குவளை சமமாக வந்த கடையிலும் கட்டடம் யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தர்மபுரியில் அடுத்த கோடு இப்போது வரையப்படுகிறது. கல் நட்டு முடிந்த பிறகு கேட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.